குனிஞ்சு நிமிர்ந்தா சுகப்பிரசவமா?

எங்க ஊர்ல ஒரு பொண்ணு மாசமா இருக்குன்னு தெரிஞ்சா போதும், வயசான பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். "நாங்கல்லாம் வலி வர்ற அன்னிக்கு வரைக்கும் நாத்து பறிச்சோம். குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சோம், சுகமா பெத்தோம். இப்ப உள்ளதுங்க ஒரு குடம் தண்ணி தூக்கறதில்லை. அதான் எல்லாத்துக்கும் வயித்தைக் கிழிக்கறாங்க."

என் மருமகளுக்கு இப்ப ஏழு மாசம். சாயங்காலம் அவ திண்ணையில காலை நீட்டி உட்கார்ந்தா, போறவங்க வர்றவங்க இதை ஒரு தடவை சொல்லிட்டுத்தான் போறாங்க. அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குது. எனக்குத்தான் பொறுக்கல. ஏன்னா அந்த "நாங்கல்லாம்" இருக்கே, அதுல நானும் சேர்த்தி. அவங்க கூட அதே வரிசையில நின்னு நட்டவ. அதனால நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன்.

1992 புரட்டாசி. மூத்தவன் வயித்துல அஞ்சு மாசம். எங்களுக்கு நாலு மா நிலம். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், இங்க மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர். நாலு மா வெச்சுக்கிட்டு வீட்டோட இருக்க முடியாது. எங்க நடவு முடிஞ்ச கையோட மத்தவங்க நடவுக்கும் போகணும். சம்பா நடவுன்னா ஒரு மாசம் விடாம வேலை. பொழுது விடியும்போதே நாத்தங்கால்ல இறங்கணும். குனிஞ்ச வாக்குல ரெண்டு கையாலயும் பறிச்சு, வேர்ல இருக்கற சேத்தைக் கால்ல அடிச்சு உதறி, முடி முடியா கட்டிப் போடணும். அதுக்கு அப்புறம்தான் நடவு.

நட்டுப் பார்த்தவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இடது கையில நாத்து முடி இருக்கும், அந்த முழங்கையைத் தொடையில ஊணிக்குவோம். பாதி பாரம் அந்த முழங்கை தாங்கும். நாள் முழுக்க குனிஞ்சு நிக்க முடியறதே அதனாலதான். வயிறு வந்த பிறகு அந்த ஊணல் கிடையாது. வயிறு இடையில வந்து நிக்கும். கையை அந்தரத்துல வெச்சுக்கிட்டு, மொத்தப் பாரத்தையும் இடுப்புல வாங்கணும். கால் சேத்துக்குள்ள முழங்கால் வரைக்கும். ஒவ்வொரு அடியும் பின்னால எடுத்து வைக்கணும். காலைப் பிடுங்கி எடுக்கறப்ப அடிவயித்துல ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க, அதை இன்னிக்கு நினைச்சாலும் என் கை தன்னால வயித்துக்குப் போகுது. அட்டை கடிக்கறதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சேத்துப்புண்ணுக்கு ராத்திரி மருதாணி அரைச்சு வெச்சுக்கிட்டா காலையில தேவலாம்னு இருக்கும்.

வரிசையில ஒருத்தி பின்தங்கினா கரைமேல நிக்கறவருக்கு உடனே தெரிஞ்சுடும். நான் பின்தங்கல. எப்படின்னு கேட்டீங்கன்னா, எனக்கு வலப்பக்கம் நின்ன அக்காவும் இடப்பக்கம் நின்ன சித்தியும் ஆளுக்கு ஒரு சாண் என் பங்குல சேர்த்து நட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. கரையில இருந்து பார்க்கறவருக்கு வரிசை நேரா இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சித்திதான் இப்ப எங்க திண்ணையைத் தாண்டறப்ப "நாங்கல்லாம் வலி வர்ற வரைக்கும்"னு ஆரம்பிக்கறது! அவங்க எத்தனை புள்ளைத்தாச்சிக்கு இப்படி நட்டுக் கொடுத்திருப்பாங்கன்னு அவங்களுக்கே நினைப்பு இல்லை. வேலை செஞ்சதைச் சொல்றாங்க, ஒருத்தர் வேலையை ஒருத்தர் வாங்கிக்கிட்டதைச் சொல்றதே இல்லை.

இன்னொண்ணு யாருமே சொல்றதில்லை. வெட்கம். நான் சொல்லிடறேன். ஒண்ணுக்குப் போக இடம் கிடையாது.

அப்ப எங்க வீட்ல கக்கூஸ் இல்லை. தெருவுல யார் வீட்லயும் இல்லை. விடியறதுக்கு முன்னாடி வாய்க்கால் கரையில காட்டாமணக்குப் புதர் பக்கம் போகணும், இல்லைன்னா இருட்டினப்புறம். நடுவுல வயல்ல நின்னா சுத்திலும் வெட்டவெளி, பக்கத்து வயல்ல ஆம்பளைங்க ஏர் ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. வயித்துல புள்ள இருந்தா அரை மணிக்கு ஒரு தடவை முட்டிக்கிட்டு வரும். என்ன செய்யறது? தண்ணி குடிக்க மாட்டோம். காலையில ஒரு சொம்பு நீராகாரத்தோட சரி. ஆறாம் மாசம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுச்சு. மன்னார்குடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறே?" நான் பதிலே சொல்லல. இந்தக் கிருமி மேல ஏறினா குறை மாசத்துலயே வலி வந்துடும்னு சொல்லி, மாத்திரை கொடுத்து, பத்து நாள் படுக்கச் சொன்னாங்க. நாலாம் நாள் நான் களைக்குப் போயிட்டேன். எங்க வயல் களைதான். கூலிக்காரி ஒரு நாள் நின்னா அன்னிக்குக் கூலி போகும். சொந்த வயல்காரி நின்னா அந்த இடத்துக்கு இன்னொருத்திக்குக் கூலி கொடுக்கணும்.

வயல் வேலைக்காவது வேலைன்னு பேர் உண்டு. மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தா அடிபம்புல தண்ணி அடிக்கறது, கொட்டகையைக் கூட்டறது, அடுப்பு, நெல் அவிக்கறது. இதுக்கெல்லாம் பேரே கிடையாது. "வீட்லதான இருக்கா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.

எங்க மாமியாரைப் பத்திச் சொல்லணும். கொடுமைக்காரி இல்லை. சாணிக் கூடையை என் தலையில ஏத்த விட்டதே இல்லை. அவங்களுக்கு ஒன்பது பிரசவம், தங்குனது ஆறு. மூணைப் பத்திப் பேசவே மாட்டாங்க. ஒரு தடவை ராத்திரி என் காலை நீவிவிட்டுக்கிட்டு இருக்கறப்ப, "அஞ்சாவது பையன். அறுப்புல இருந்தேன். தலைச்சுமையோட வரப்புல வழுக்கிட்டேன்"னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல நானும் கேட்கல. ஒண்ணு கவனிச்சீங்களா, "நாங்கல்லாம் சுகமா பெத்தோம்"னு எங்க மாமியார் ஒரு நாளும் சொன்னதில்லை.

மேலத்தெருவுல ஒரு அக்கா இருந்தாங்க. எங்க நடவு ஆளுங்கள்லயே அவங்க கைதான் வேகம். குலவை போட்டா அடுத்த வயலுக்குக் கேட்கும். 1994-ல மூணாவது பிரசவம். முதல் நாள் வரைக்கும் வேலை செஞ்சாங்க. வீட்லயே மருத்துவச்சி வந்து புள்ள பிறந்துச்சு, பொண்ணு, நல்லா இருந்துச்சு. அக்காவுக்கு ரத்தம் நிக்கல. கட்டில்ல வெச்சு மெயின் ரோடு வரைக்கும் தூக்கிக்கிட்டுப் போய், ஒரு கார் பிடிச்சு ஏத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. குனிஞ்சு நிமிர்ந்தா சுகப்பிரசவம்னா ஊர்லயே முதல்ல சுகமா பெத்து எழுந்திருக்க வேண்டியது அந்த அக்காதான். திண்ணையில உட்கார்ந்து பழங்கதை பேசறவங்க எல்லாம் பிழைச்சு வந்தவங்க. அந்த அக்காவோட கதையை அக்கா வந்து சொல்ல முடியாதே.

இப்ப அப்படி இல்லைன்னா அதுக்குக் காரணம் வேற. 2008-ல இருந்து 108 வண்டி ஓடுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியும் நர்ஸ் இருக்காங்க. மாசமானா நர்ஸம்மா வீடு தேடி வந்து பதிஞ்சு நம்பர் கொடுத்துடறாங்க. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு லட்சம் புள்ளைங்க உயிரோட பிறந்தா, பிரசவத்துல போற தாய்மார் 54 பேர். இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தா 97. அந்த 54-ம் 54 வீடுதான், ஆனாலும் அந்த அக்கா மாதிரி ரோட்டுல போற சாவு எங்க பக்கம் குறைஞ்சு போச்சு.

வயித்தைக் கிழிக்கறாங்கன்னு கிழவிங்க சொல்றதுல நியாயம் இல்லாமலும் இல்லை. பையன் போன்ல எடுத்துக் காட்டினான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல நூறு பிரசவத்துக்கு 45 கிட்ட ஆபரேஷன். அதுலயும் தனியார் ஆஸ்பத்திரியில 64, அரசு ஆஸ்பத்திரியில 36. இதை சித்திகிட்ட சொன்னேன். பொண்ணுங்க குனியாததுதான் காரணம்னா ரெண்டு இடத்துலயும் ஒரே கணக்கு வரணும்ல? வசதியானவங்க தனியாருக்குப் போறாங்கன்னு வெச்சுக்கிட்டாலும், சிக்கலான கேஸை எல்லாம் பெரியாஸ்பத்திரிக்குத்தானே அனுப்பறாங்க? சித்தி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "காசு பண்றானுங்க"ன்னு சொன்னாங்க. அந்த அளவுக்கு வந்தது போதும்னு விட்டுட்டேன்.

பழைய காலத்துல ஒண்ணுமே நல்லது இல்லைன்னு நான் சொல்லல. ஆடி மாசம் புதுப்பொண்ணைத் தாய் வீட்டுக்கு அழைச்சிக்கறாங்களே, சித்திரை வெயில்ல பிரசவம் வேண்டாம்னு. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு போட்டுக் கூட்டிக்கிட்டுப் போறாங்களே, அது சம்பிரதாயம் மட்டும் இல்லை. எங்களுக்குக் கிடைச்ச ஒரே லீவு அதுதான். மாமியார் வீட்ல எவ்வளவு வேலை கிடந்தாலும் வளையல் போட்டாச்சுன்னா யாரும் தடுக்க முடியாது. எங்க அம்மா வீட்ல நான் ரெண்டு மாசம் பகல்ல தூங்கினேன். ஆனா அது தலைப்பிரசவத்துக்கு மட்டும். ரெண்டாவதுக்கு வளையலும் இல்லை, லீவும் இல்லை. இளையவ பிறந்தது அறுப்பு நேரம். எடை ஒண்ணே முக்கால் கிலோ.

மருமக கதைக்கு வர்றேன். அவ வயல்ல இறங்கினதே இல்லை. இப்ப எங்க பக்கம் நடவுக்கு மிஷின் வருது, பாதிப் பேர் நேரடி விதைப்புக்குப் போயிட்டாங்க, வடக்கே இருந்தும் ஆளுங்க வந்து நடறாங்க. எங்க தெருப் பொண்ணுங்க எல்லாம் டவுன்ல கடை வேலைக்குப் போகுதுங்க. இவ ஒரு பெரிய ஜவுளிக்கடையில புடவை செக்‌ஷன். மாசம் 9,000. காலையில ஒன்பதரைக்கு நின்னா ராத்திரி ஒன்பது வரைக்கும் நிக்கணும். இந்தத் தீபாவளிக்கு அவளுக்கு ஆறு மாசம். கடைசிப் பத்து நாள் வீட்டுக்கு வர பதினொரு மணி ஆச்சு. பஸ்ஸை விட்டு இறங்கறப்ப செருப்பைக் கையில பிடிச்சிருப்பா. கால் வீங்கி வார் பள்ளமா பதிஞ்சிருக்கும்.

"உட்கார ஸ்டூல் கிடையாதா புள்ள?"ன்னு கேட்டேன். ரெண்டு இருக்காம், அது மேல புடவைக்கட்டு அடுக்கியிருக்காங்களாம். கடையில வேலை பார்க்கறவங்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆகணும்னு தமிழ்நாட்டுல 2021-ல சட்டமே திருத்தியிருக்கு. ஸ்டூல் வாங்கினது சட்டத்துக்கு, கட்டு அடுக்கினது முதலாளிக்கு.

ஒரு நாள் சோறு போடறப்ப தண்ணியை நகர்த்தி வெச்சேன், தொடவே இல்லை. "குடிக்கற பழக்கம் விட்டுப்போச்சு அத்தை. பாத்ரூம் மூணாவது மாடியில. சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். வெட்கமா இருக்கு"ன்னு சொன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குக் கையில இருந்த கரண்டி நின்னு போச்சு. வீட்ல கக்கூஸ் கட்டியாச்சு, கரண்ட் வந்தாச்சு, ஏசி போட்ட கடையில வேலை. அந்தத் தண்ணி சொம்பு மட்டும் 1992-ல இருந்த இடத்துலயே இருக்கு.

அன்னிக்கு ராத்திரியே நிறுத்திடலாம்னு சொன்னேன். அவ ஒத்துக்கல. "நீங்க நிறுத்தினீங்களா அத்தை?"ன்னு கேட்டா. நியாயமான கேள்விதான். மகளிர் குழு தவணை மாசம் 2,300 அவ சம்பளத்துலதான் போகுது. அதைவிட, அது அவ கைக்காசு. பத்து ரூபாய்க்குப் பூ வாங்கறதுக்கு என் பையன்கிட்ட கை நீட்டிப் பழகாத பொண்ணு. கடையில கூட்டாளிங்க இருக்காங்க, சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கற இடம். வீட்ல உட்கார்ந்தா அவளுக்கு ஓய்வா இருக்குமா, அடைச்சு வெச்ச மாதிரி இருக்குமான்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கல.

மூணாம் நாள் நர்ஸம்மா வந்தப்ப ரத்தம் குறைவா இருக்குன்னு சொன்னாங்க. 9 புள்ளிக்குக் கீழே. நான் ஒண்ணும் சொல்லாம அவங்களையே பேச விட்டேன். நடக்கலாம், கூட்டலாம், சமைக்கலாம், லேசா வேலை செய்யறது உடம்புக்கு நல்லதுதான். பாரம் தூக்கக்கூடாது, மணிக்கணக்கா நிக்கக்கூடாது. ராத்திரி எட்டு மணி நேரம் தூக்கம், பகல்ல ரெண்டு மணி நேரம் இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும். சத்து மாத்திரையை டீ காபியோட சேர்த்துச் சாப்பிடக்கூடாது. மருந்து அடிச்ச வயல் பக்கம் போகக்கூடாது. தண்ணியை அடக்கக்கூடாது, அதையும் அடக்கக்கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க. மருமக என்னைத் திரும்பிப் பார்த்தா.

கடையில முதல்ல உட்கார்ற வேலை கேட்டுப் பார்த்தா. பில் போடற இடத்துல ஆள் இருக்குன்னுட்டாங்க. லீவு கேட்டா, சம்பளம் கிடையாது, பிரசவம் முடிஞ்சு வா, இடம் இருந்தா பார்க்கலாம்னாங்க. பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பார்க்கற கடைன்னா, 80 நாள் வேலை செஞ்சிருந்தாலே முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு மத்திய சட்டம் சொல்லுது. அந்தக் கடையில முப்பது பேருக்கு மேல இருக்காங்க, இவ ரெண்டு வருஷமா போறா. பையன் லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலாம்னு குதிச்சான். அவதான் தடுத்தா. "எழுதிக் கொடுத்தா அந்தக் கடை போகும். டவுன்ல இருக்கறது நாலு கடை, நாலு முதலாளியும் ஒண்ணாத்தான் டீ குடிக்கறாங்க. புள்ள பிறந்தப்புறம் நான் எங்க போய் வேலை கேட்கறது?" அரசாங்க வேலையில இருக்கற பொண்ணுங்களுக்கு இங்க ஒரு வருஷம் லீவு. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. புள்ள பெறற உடம்பு ஒண்ணுதானேன்னு ஒரு நினைப்பு வரத்தான் செய்யுது.

கார்த்திகை ஒண்ணாம் தேதியோட நின்னுட்டா. தவணைக்கு ஒரு கன்னுக்குட்டியை வித்தோம். முத்துலட்சுமி ரெட்டி பேர்ல கொடுக்கற உதவித்தொகையில முதல் தவணை வந்திருக்கு. 2006-ல அது 6,000 ஆச்சு, 2011-ல 12,000, 2018-ல 18,000. அதுல 14,000 பணமா தவணை தவணையா வரும், மீதி ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டி. பேரீச்சம்பழம், நெய், டானிக் எல்லாம் இருக்கும். கூலி இல்லாம இருக்கற நாளைக்கு ஈடா இருக்கட்டும், நல்லா சாப்பிடட்டும்னு கொடுக்கற பணம். 9,000 சம்பளக்காரிக்கு அது ஒன்றரை மாசக் கூலிதான், ஆனா எங்களுக்கு அந்த ஒன்றரை மாசமும் கிடைச்சதில்லை. அங்கன்வாடியில சமுதாய வளைகாப்புக்குப் போய் கண்ணாடி வளையல் போட்டுக்கிட்டு, கலந்த சாதம் சாப்பிட்டுட்டு வந்தா. புளிசாதம் நல்லா இருந்துச்சாம், எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்துக்கிட்டு வந்தா.

இப்ப வேளாவேளைக்கு முருங்கைக்கீரையும் முட்டையும் சாப்பிடறா, மத்தியானம் ஒரு தூக்கம் போடறா. சும்மா இருக்கக் கூச்சமா இருக்குன்னு காலையில கொட்டகையைக் கூட்ட வந்தா. கூட்டட்டும்னு விட்டேன். சாணிக் கூடையை மட்டும் நான் தூக்கிக்கிட்டேன். தண்ணிச் சொம்பு அவ பக்கத்துலயே இருக்கு, எத்தனை தடவை நிரப்பறேன்னு கணக்குப் பார்க்கறேன்னு என்னைக் கிண்டல் பண்றா. நேத்து சித்தி மறுபடி வந்து "நாங்கல்லாம்"னு ஆரம்பிச்சாங்க. "ஆமா சித்தி, 92-ல என் பங்குல ஒரு சாண் சேர்த்து நட்டீங்களே, நினைப்பு இருக்கா?"ன்னு கேட்டேன். முதல்ல முழிச்சாங்க. அப்புறம் திண்ணையில ஏறி உட்கார்ந்து, வலப்பக்கம் நின்ன அக்கா யாரு, கரைமேல நின்னவர் எப்படிக் கத்துவாருன்னு ஒரு மணி நேரம் மருமககிட்ட கதை சொன்னாங்க. அவ வாயில கை வெச்சுச் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா.

தாளடி நட்டு இருபது நாள் ஆச்சு. மார்கழி பிறந்தா களை. மாசியிலதான் இவளுக்குத் தேதி, தை வரைக்கும் இங்கதான் இருப்பா. களைக்கு ஏழு பேர் சொல்லி வெச்சிருக்கேன். வீட்டு ஆளைச் சேர்க்காம ஏழு.